கொத்தனார் சார் தீட்டிய மார்கழி

சூரியனோடு சண்டை போட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நான் பார்த்தது ஐதராபாத்தில். தார்நாகாவில் எங்களுக்கு எதிர்மாடிக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், திருநெல்வேலிக்காரர். வண்ணத்தைக் கரண்டி கரண்டியாக கேன்வாஸில் அப்புவார். அதனால் நாங்கள் வைத்த பெயர் கொத்தனார் சார்.

மார்கழியில் மூடுபனி நிற்கிற அரைமணி நேரம் மட்டும் மொட்டைமாடியில் ஊரைத் தீட்டுவார். தண்ணீர்த் தொட்டிகள், ரயில் பாலம், பாதி எழும்பிய கட்டடங்கள், எல்லாமே சாம்பல். வெயில் எட்டிப் பார்த்தால் தூரிகையை ஆட்டி, "நக்கோ! இப்ப நக்கோ!" என்று ஐதராபாத் உருதுவில் 'வேண்டாம்' சொல்லி விரட்டுவார். திருநெல்வேலித் தமிழ் இந்த ஊர்ச் சூரியனுக்குப் புரியாதாம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். அது முழுதாகப் போவதற்குள் படத்தை முடித்துக் காட்டிவிட வேண்டும். ஊர் விட்டால்தானே! மார்கழிக்கு மார்கழி நாலு கட்டடம் புதிதாக முளைக்கும். மனுஷர் பழைய வானத்தின் மேலேயே அவற்றைப் பூசுவார்.

நானோ அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு விடியலில் வந்து, விளக்கை அணைக்காமலே தூங்கிப்போகிறவன். எதிர்மாடியிலிருந்து குரல் வரும்.

"ஏல, லைட்ட அணைச்சா என்ன? எம் பனி பூராத்தையும் கெடுக்கியே!"

ஒருநாள் தூக்க எரிச்சலில், "சிமெண்ட்டைக் கொஞ்சம் குறைங்க சார்" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்கப்புறம் அந்த மார்கழி முடியும்வரை திட்டே இல்லை. எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

தை பிறப்பதற்குள் அந்த அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது. படம் முடியவில்லை. பார்க்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இது பாலம். இது நம்ம தண்ணித் தொட்டி. இது என்னங்க, தனியா துருத்திக்கிட்டு நிக்கி?"

"எதுத்த வீட்டுப் பய ஜன்னல். படத்துல மஞ்சள் அது ஒண்ணுதான்."

"கடைசியா என் கண்ணுக்குத் தெரிஞ்சதும் அது ஒண்ணுதான்."

"அதுக்குத்தான அவன அணைக்கச் சொல்லுறத விட்டேன்."

அத்தனை அப்பலும் அந்த விரலுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிமெண்ட் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இப்போது எனக்குப் பகல் வேலை. ஆனாலும் மார்கழி விடியலில் ஜன்னல் விளக்கை அணைக்க மனசு வருவதில்லை.