சார் என்றால் நாலு

"ஆமா சார்" என்றார் தட்சிணாமூர்த்தி. தலைக்கு மேலே மின்விசிறி கிளம்பியது.

டிசம்பர் மாத டெல்லி. குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை எல்லாம் சுற்றிக்கொண்டு, லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் மனிதர். போனில் அவருடைய இயக்குநர் சந்திரசேகர். நாடாளுமன்றத்தில் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. எந்தக் கேள்விக்கு என்ன பதில் தயார் என்று காபி இறங்குவதற்குள் சந்திரசேகர் கூப்பிட்டுவிடுவார். மேலதிகாரியிடம் சார் போடாமல் பேச முடியுமா? போட்டால் விசிறி நாலாம் நம்பரில் சுற்றும்.

"என்ன சத்தம் அங்க?"

"ஃபேன் சார்."

"டிசம்பர்லயா?"

"ஆமா சார்" என்றார் தட்சிணாமூர்த்தி, பல் தந்தியடிக்க.

இந்த வினையை வெளியாள் யாரும் கொண்டுவரவில்லை. அவரே இழுத்து மடியில் போட்டுக்கொண்டதுதான். பிழைப்புக்கு அவர் பிரிவு அலுவலர். ஆனால் மனசெல்லாம் 'தலைநகர் டெக் தமிழர்' என்கிற வாட்ஸப் குரூப்பில். டெல்லியில் இருக்கும் தமிழர்கள் எந்த போன் நல்ல போன், எந்த ரௌட்டர் மட்டமான ரௌட்டர் என்று விடிந்ததிலிருந்து சண்டை போட்டுக்கொள்ளும் இடம் அது. அங்கே ஒருநாள் இவர், நாகரிகமான வீட்டில் மனிதனின் கை சுவிட்சைத் தொடக்கூடாது என்று எழுதிவிட்டார். எழுதியபின் நிரூபிக்க வேண்டாமா? சொன்னதைக் கேட்டு விளக்கையும் விசிறியையும் இயக்கும் பேசும் பெட்டி ஒன்றை வாங்கினார். அதற்குத் தமிழ் சரியாக வரவில்லை. இந்தியில் வைத்தார். மனைவி லீலாவதியோ, ஒரு பொட்டியிடம் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கத் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். சரி, அவளுக்காக, வெறும் எண்ணைச் சொன்னாலே போதும் என்று மாற்றிக் கொடுத்தார். ஒன்று முதல் நாலுவரை இந்தியில் ஏக், தோ, தீன், சார். சொன்னால் விசிறி சுற்றும்.

அதோடு விட்டாரா? சுவரில் இருந்த பழைய ரெகுலேட்டரைப் பிடுங்கி, அந்த ஓட்டையைப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்து, படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். எண்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். இப்போது பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினால், நின்றிருந்த விசிறியும் கடைசியாக ஓடிய வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடும். நிறுத்த வேண்டுமானால் வீட்டுக்கே மின்சாரத்தை அணைக்க வேண்டும். அணைத்தால் ஹீட்டரும் போச்சு, கீசரும் போச்சு.

வேறு சமயமாக இருந்தால் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் தட்சிணாமூர்த்திக்கு கௌஹாத்திக்கு மாற்றல் ஆர்டர் வந்திருந்தது. மகள் ஸ்ம்ருதி பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடியும்வரையாவது டெல்லியில் இருக்க விடுங்கள் என்று மனு போட்டிருந்தார். அந்த மனு சந்திரசேகரின் மேஜையில் இருந்தது. அவர் பரிந்துரைத்து ஒரு வரி எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் பொங்கல் பிரம்மபுத்திராக் கரையில்தான். இந்த நேரத்தில் அவர் முகம் கோணக்கூடாது. கோணாமல் இருக்க சார் வேண்டும்.

குரூப்பில் முறையிட்டார். அதிகாரியின் பேரைச் சொல்லாமல் நாசூக்காகத்தான் எழுதினார். "எங்க ஆபீசருக்கு ஒரு வாக்கியத்துக்கு மூணு சார் விழலைன்னா காதே கேக்காது. நான் என்ன பண்ணட்டும்?"

அவ்வளவுதான், குரூப் பிடித்துக்கொண்டது. பெட்டியை மாற்று என்றார் ஒருவர். ஆளை மாற்று என்றார் இன்னொருவர். உங்கள் ரௌட்டர் என்ன மாடல் என்று சம்பந்தமே இல்லாமல் ஒருவர் கேட்டார், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். 'பழைய சுவிட்ச்' என்ற பெயரில் ஒரு ஆசாமி உண்டு. முகமும் கிடையாது, ஊரும் கிடையாது, உருண்டையான கறுப்பு சுவிட்ச் ஒன்றின் படம் மட்டும். எந்தப் பிரச்சினைக்கும் அவர் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: "சுவிட்ச் இருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?" ஜனக்புரியில் பொழுது போகாத ரிட்டயர்டு கேஸ் யாரோ என்பது குரூப்பின் பொதுக் கருத்து. உங்களை நம்பியிருந்தால் மனுஷன் இன்னும் கல்லை உரசித்தான் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருப்பான் என்று தட்சிணாமூர்த்தி சூடாகப் பதில் போட்டார்.

மயூர் விஹார் சேஷுதான் உருப்படியாக ஒன்று சொன்னார். புது அப்டேட்டில் தமிழ் நன்றாக வருகிறதாம். தமிழுக்கு மாற்றிவிட்டால் சார் வெறும் சார்தான், நாலுதான் நாலு. தட்சிணாமூர்த்தி அன்றைக்கே மாற்றினார். 'சார், சார், சார்' என்று கூடத்தின் நடுவில் நின்று சொல்லிப் பார்த்தார். விசிறி அசையவில்லை. அவருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

லீலாவதி சமையலறையிலிருந்து வந்தாள். திருநெல்வேலிக்காரி. "ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க" என்றாள். விசிறி மெல்லக் கிளம்பியது. "நாலு பேரு வந்து போற வீடு. நடுவீட்டுல நின்னு சார் சார்னா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? நாலு நாளா சொல்லுதேன், இந்தப் பொட்டிய கடாசுங்கன்னு."

விசிறி முழு வேகத்துக்குப் போனது. தமிழில் நாலு இல்லாமல் ஒரு குடும்பம் எப்படிப் பேசும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு காசு, நாலு எழுத்து, நாலு வார்த்தை, நாலு இடம். லீலாவதிக்கு நாலுதான் மூச்சு. காய் நறுக்கினால்கூட நாலாக நறுக்கித்தான் நிறுத்துவாள்.

தமிழ் வேண்டாம், இங்கிலீஷ் என்றது குரூப். லோ, மீடியம், ஹை. யார் வீட்டில் சும்மா ஹை சொல்கிறார்கள் என்று கேட்டார் சேஷு. அவர் வீட்டில் பெண் குழந்தை இல்லை போலும். ஸ்ம்ருதி டெல்லியில் பிறந்தவள். சிநேகிதியோடு பேச ஆரம்பித்தால் இந்தி மடை திறந்ததுபோலப் போகும். இந்தியில் இருக்கிறது என்பதற்கு ஹை. ஒரு வாக்கியம் ஹையில் முடியும், அடுத்ததும் ஹையில் முடியும். கெமிஸ்ட்ரி பாக்கி ஹை, அம்மாவுக்குக் கோபம் என்றால் மம்மி குஸ்ஸே மே ஹை. விசிறி நிற்கவே இல்லை. கீழே தள்ளுவண்டிக்காரன் "ஆலூ லே லோ, மட்டர் லே லோ" என்று உருளையும் பட்டாணியும் வாங்கச் சொல்லிக் கூவிக்கொண்டு வந்தால் அந்த லோவைக் கேட்டு விசிறி கொஞ்சம் அடங்கும். குடும்பமே உருளைக்கிழங்கு வண்டிக்காகக் காத்துக் கிடந்தது.

"அப்பா, டண்ட் லக் ரஹி ஹை" என்று ஸ்ம்ருதி ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து முனகினாள். குளிருகிறது என்று சொன்னதற்கும் இன்னும் கொஞ்சம் காற்று வந்தது.

மும்மொழியிலும் தோற்றுப்போய்ப் பெட்டியைப் பழையபடி இந்திக்கே கொண்டுவந்தார். இனி பெட்டியின் காதுக்கு எட்டாத இடத்தில் பேசுவது என்று தீர்மானித்து, மறுநாள் காலையில் போனையும் பதில் நகலையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

"என்னய்யா, கிணத்துக்குள்ள இருந்து பேசுறீங்களா?" என்றார் சந்திரசேகர்.

இல்லை சார் என்று தாராளமாக, ஆசை தீரச் சொன்னார். பதிலை வாசிக்கச் சொன்னார் அதிகாரி. கடல்பாசி வளர்ப்பு பற்றிய கேள்வி. வாசிக்கும்போது ஸ்கூல் பஸ் போய்விடும் என்று ஸ்ம்ருதி கதவை இடித்தாள். இடித்த இடியில் காகிதம் நழுவி வாளித் தண்ணீருக்குள் விழுந்தது. கடல்பாசி உற்பத்தியை அவர் நினைவிலிருந்து சொன்னார். டன்னைக் கிலோவாகச் சொல்லிவிட்டார். மறுமுனையில் போன் டக்கென்று வைக்கப்பட்டது.

லீலாவதி ரொம்பப் பேசவில்லை. "நீங்க கௌஹாத்திக்குப் போயிட்டு வாங்க. பொட்டியையும் கையோட கொண்டுபோயிருங்க. நானும் பிள்ளையும் இங்கன எப்படியாவது இருந்துக்கிடுதோம்" என்றாள். அவர் சாப்பிடாமல் ஆபீஸுக்குப் போனார்.

அன்று மதியம் குரூப்பில் பழைய சுவிட்ச் வந்தார். எல்லோரும் வழக்கம்போல வரவேற்றுக் கிண்டலடித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தாமல் எழுதினார்: "பொட்டி திருந்தாது. நீங்க திருந்துங்க. அந்த வார்த்தையையே விட்டுருங்க. மரியாதை குரல்ல இருந்தா போதும்."

சேஷு சிரிப்புப் பொம்மையாகப் போட்டு நிரப்பினார். ரௌட்டர் மாடல் கேட்டவர்கூடச் சிரித்தார். தட்சிணாமூர்த்திக்குத்தான் வேறு வழி தெரியவில்லை. நீங்கள் சொன்னபடியே செய்து பார்க்கிறேன் ஐயா, அன்றைக்குப் பேசியதற்கு மன்னியுங்கள் என்று பழைய சுவிட்சுக்குப் பதில் போட்டார். குரூப்பின் வரலாற்றில் அவருக்கு யாரும் ஐயா போட்டதில்லை.

மறுநாள் காலையிலிருந்து சார் போனது. "ஆமாங்க. தயாரா இருக்குங்க. அனுப்பிடுறேங்க." குரலில் இருந்த குழைவைக் கேட்டால் கல்லும் கரையும். விசிறி அசையவில்லை. ஆனால் சந்திரசேகரும் அசையவில்லை. "ம்" என்றார். மறுபடியும் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த 'ம்'மில் கௌஹாத்தி தெரிந்தது.

பழக்கம் பாருங்கள், அது வீட்டோடு நிற்கவில்லை. வாரம் முடிவதற்குள் ஆபீஸிலும் நாக்கு எழும்பவில்லை. சார் என்று வாயெடுத்தால் கழுத்து தானாகச் சுருங்கி, கண் கூரையைப் பார்த்தது. இணைச் செயலாளர் முன்னிலையில் நடந்த கூட்டத்தில், தகவல் சரிதானா என்று சந்திரசேகர் கேட்டதற்கு, "சரிதாங்க" என்று சொல்லிவிட்டு மேலே விசிறியைப் பார்த்தார் தட்சிணாமூர்த்தி. சந்திரசேகர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபைலால் முகத்தை மறைத்தார். கோபத்தில் அவர் தோள் குலுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். மாற்றல் வந்ததும் மனுஷன் துணிந்துவிட்டான், பெரிய இடத்தில் யாரையோ பிடித்திருக்கிறான் என்று கேன்டீனில் பேச்சு. மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்காரக்கூட ஆட்கள் யோசித்தார்கள்.

போய்க் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். எப்படிச் சொல்வது? மின்னஞ்சலைக்கூடக் காகிதத்தில் அச்செடுத்துத்தான் வாசிப்பார் சந்திரசேகர். போனில் எண் அழுத்துவதற்குக்கூட அந்தரங்கச் செயலர் சாந்தகுமாரியைக் கூப்பிடுவார் என்று பேச்சு. அவரிடம் போய், என் விசிறிக்கு இந்தி தெரியும், அதனால்தான் உங்களை நான் சார் என்று கூப்பிடுவதில்லை என்றால், கௌஹாத்தி வேண்டாம், நேரே பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு மாற்றல் போட்டுவிடுவார்.

கூட்டத்தொடர் முடிந்த அன்று சாந்தகுமாரியே கூப்பிட்டனுப்பினாள். கௌஹாத்தியில் குளிர் எப்படி, தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது எப்படி, ஸ்ம்ருதி பரீட்சையன்று காலையில் யார் அவளைக் கொண்டுபோய் விடுவார்கள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே போனார். ஒரு பெட்டிக்காகப் பெண்ணின் படிப்பைக் கெடுத்த அப்பன் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

இயக்குநரின் அறை பூட்டியிருந்தது. ஊருக்குப் போய்விட்டாராம். சாந்தகுமாரி ஃபைலை அவர் பக்கம் தள்ளினாள். பிரித்தார். மனுவின் ஓரத்தில் சந்திரசேகரின் கையெழுத்து. மகளின் பரீட்சை முடியும்வரை இவரை டெல்லியிலேயே வைத்துக்கொள்ளலாம், இவர் பணி இந்தப் பிரிவுக்கு இன்றியமையாதது. கீழே இணைச் செயலாளரின் ஒப்புதலும் இருந்தது.

மூன்றுமுறை வாசித்தார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எப்படிம்மா இது?" என்றார். "கொஞ்ச நாளா அவரை நான் ஒரு தடவைகூட மரியாதையாக் கூப்பிடலையே. என்மேல கோவமாத்தான இருந்தாரு?"

சாந்தகுமாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோவமா? 'அந்த டெக் குரூப்புல இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன், நான் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஆளு இவருதாம்மா'ன்னு கண்கலங்கிட்டாரு சார்."