ஜெயித்தவர் எழுந்து போகவில்லை

செக்காலை, காரைக்குடி
18.8.1999

திண்டுக்கல்லில் இருக்கும் மதிப்பிற்குரிய மரிய ஜெரால்டு ஆசிரியர் அவர்கள் சமுகத்துக்கு, காரைக்குடி வத்தல் மண்டி வியாகுலம் பணிவோடு எழுதுவது.

இந்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தங்களுக்குப் போன் போட்டு, “இந்தச் சம்பந்தம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, தாங்கள் ஏன் என்று கேட்பதற்குள் போனை வைத்தவன் நான். தங்கள் மகன் அருண் ஜோசப் கம்ப்யூட்டரில் என்னோடு சீட்டாடி ஜெயித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டார் என்று நான் நினைத்ததுதான் காரணம். அவர் எழுந்து போகவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. இதைச் சரிசெய்யத்தான் இந்தக் கடிதம்.

இங்கே நானும் என் வீட்டுக்காரி அடைக்கலமேரியும் மகள் ஜெரினாவும் மாதா புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் வீட்டம்மாவும் சுகந்தானா என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

தாங்கள் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெண் கொடுக்கிறவன் மாப்பிள்ளையின் படிப்பைப் பார்ப்பான், சம்பளத்தை விசாரிப்பான், பங்குச் சாமியாரிடம் கேட்பான், இந்த ஆள் எதற்காகச் சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று தங்களுக்குத் தோன்றும். சொல்கிறேன். எங்கள் மண்டியில் ஒரு வழக்கம். புதிதாக ஒரு வியாபாரி கடனுக்குச் சரக்குக் கேட்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டிக்குப் பின்னால் சாக்கை விரித்து அவரோடு கொஞ்ச நேரம் சீட்டுப் போடுவோம். பணம் வைத்து ஆடுகிற பழக்கம் என்னிடம் கிடையாது, புளியங்கொட்டைதான். புளியங்கொட்டை போகும்போதே ஒரு ஆள் பல்லைக் கடித்தால் சரக்குப் போகும்போது என்ன செய்வார் என்று தெரிந்துவிடும். நல்ல சீட்டு வந்தால் சிலருக்கு மூக்கு விடைக்கும், சிலர் வேட்டியைச் சரிசெய்வார்கள், ஒருவர் திடீரென்று பேரன் பேத்தியை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், மூஞ்சியில் படித்தது நிறைய. அங்கே ஒரு சட்டமும் உண்டு. ஜெயித்தவன் முதலில் எழுந்திருக்கக் கூடாது. தோற்றவன் “போதும்ப்பா” என்று எழுந்து, இரண்டு பேரும் மோர் குடித்த பிறகுதான் ஜெயித்தவன் எழுந்திருக்கலாம். மீறி எழுந்தவனுக்கு எங்கள் மண்டியில் ஒரு மூட்டை வத்தல்கூட இன்றுவரை கடனுக்குப் போனதில்லை.

தங்கள் மகனோ கலிபோர்னியாவில் இருக்கிறார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிப்போகுமாம், அதைத் தெளியவைக்கிற வேலை என்றீர்கள். அங்கிருந்து ஆளைக் கூட்டிவந்து சாக்கில் உட்காரவைக்க முடியுமா? சீட்டாடிப் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று எனக்கும் ஜெரினாவுக்கும் வாக்குவாதம் முற்றியபோது அவளே ஒரு வழி சொன்னாள். “அப்பா, செக்காலை ரோட்டுல பாண்டிமுருகன் அண்ணன் பிரவுசிங் சென்டர் போட்டிருக்காக. இங்கிட்டு இருந்து நீங்களும் அங்கிட்டு இருந்து அவரும் ஒரே மேசையில ஆடலாம். காசு கிடையாது, வெறும் பாயிண்டுதான். போக்கர்னு பேரு. நம்ம மூணு சீட்டு மாதிரி, இதுல அஞ்சு சீட்டு.”

போனேன். காலையில் மண்டி திறந்து சாம்பிராணி போட்டுவிட்டுப் போனால் அங்கே அவருக்கு முந்தின நாள் சாயங்காலமாம். அதிலேயே எனக்கு ஒரு சந்தேகம், நேற்றில் உட்கார்ந்திருக்கிற ஆளோடு இன்றைக்கு எப்படிச் சீட்டாடுவது என்று. பாண்டிமுருகன், “வாங்கண்ணே, உக்காருங்க, நம்ம லைன் சுத்தமான லைன், அறுந்ததுன்ற பேச்சே கிடையாது” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திரையில் பச்சையாக ஒரு மேசை. இரண்டு நாற்காலி. ஒன்றில் என் பெயர், ஒன்றில் அவர் பெயர். ஆள் இல்லை.

“சீட்டு யாரு கலைக்கிறது?”

“கம்ப்யூட்டர்ண்ணே.”

“வெட்டுறது?”

“அதுவும் கம்ப்யூட்டர்தாண்ணே.”

“கலைச்சவனே வெட்டுனா அது என்னய்யா ஆட்டம்? நான் ஒருக்கா வெட்டிக்கிறேன்னு சொல்லு.”

“எதைண்ணே வெட்டுவீக? கண்ணாடியவா?”

பின்னாலிருந்த காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு விழுந்த ஐந்து சீட்டும் திரையில் பப்பரக்கா என்று மல்லாந்து கிடந்தன. பதறிப்போய்த் தோள்துண்டை எடுத்து மானிட்டரை மூடிவிட்டு, துண்டுக்குள்ளே தலையைவிட்டுப் பார்த்தேன். அவருக்கு என் சீட்டு தெரியாது என்று பாண்டிமுருகன் சத்தியம் செய்தும் நான் துண்டை எடுக்கவில்லை. அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, பின்னாலிருந்து ஒரு பிள்ளை துண்டுக்குள் எட்டிப் பார்த்து, “அங்கிள், ஜோடி விழுந்திருக்கு, பாயிண்டை ஏத்துங்க!” என்று ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துகிறது.

மூஞ்சி இல்லாமல் எதைப் படிப்பது? யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் பதில் போடுவதற்கு ஒரு நேரம் ஆகிறது. சில தடவை சட்டென்று, சில தடவை நான் மூக்குப்பொடி போட்டு முடிக்கும் அளவுக்கு. ஆகா, சட்டென்று போட்டால் கையில் சரக்கு இருக்கிறது, தாமதித்தால் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டு, அவர் தாமதிக்கும்போதெல்லாம் ஏற்றினேன். ஏற்ற ஏற்றத் தோற்றேன். ஒரு தடவை வெகுநேரம் பதிலே இல்லை. “மாப்பிள்ளைக்கு வியர்க்குதுய்யா” என்று பாண்டிமுருகனிடம் சொல்லி, இருந்ததை எல்லாம் உள்ளே தள்ளினேன். அவர் கையில் ஒன்பது நான்கும் இருந்தன. திரையில் அவர் பெயருக்குக் கீழே பாயிண்டு குவிந்தது. “நல்ல ஆட்டம் தம்பி, இன்னும் ஒரு கை” என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கச் சொன்னேன். அடிக்கிறதுக்குள் மேசை அப்படியே உறைந்து, அவருடைய நாற்காலியும் போய், என்னுடைய நாற்காலியும் போய், வெறும் வெள்ளை.

“என்னய்யா ஆச்சு?”

பாண்டிமுருகன் என்னைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார். “அவரு எந்திரிச்சுப் போயிட்டாருண்ணே.”

ஜெயித்தவன். ஒரு வார்த்தை இல்லை. மோர் இல்லை. இவனை நம்பி என் பிள்ளையை ஏழு கடல் தாண்டி அனுப்புவதா? அடுத்த கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்துதான் தங்களுக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெரினா அழவில்லை, சண்டை போடவில்லை. சாப்பிடுகிறாளா என்றால் சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், ஆனால் அப்பா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. அடைக்கலமேரி வட்டியும் முதலுமாக எனக்குச் சேர்த்துக் கொடுத்தாள். “ஆளு தெரியாத எடத்துல ஆளோட குணத்தத் தேடிப் போன மனுசன் நீங்க ஒருத்தர்தான். சீட்டு ஆடுன மெசினுக்கா பொண்ணக் குடுக்கப் போறீக?” என்றாள். நான் அசையவில்லை. உள்ளுக்குள் அசைந்துதான் போயிருந்தேன், ஆனாலும் வியாபாரி சொன்ன சொல்லை அன்றைக்கே மாற்றினால் மார்க்கெட்டில் மரியாதை இருக்காது என்று வீம்பு.

இன்று காலை மண்டி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெட்டியோடு இறங்கினார் தங்கள் மகன். விமானம் இறங்கி, ரயில் பிடித்து, ரயிலடியிலிருந்து நேரே வருகிறாராம். வத்தல் காரம் ஏறி, வாசலிலேயே தொடர்ந்து தும்மினார். தும்மல் அடங்கியதும் சொன்னார். “மாமா, நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க. போறேன்.”

“ஜெயிச்சிட்டு எந்திரிச்சுப் போனீகளே மாப்பிள்ளை.”

“நானா? நீங்கதான மாமா தோத்த கோவத்துல எந்திரிச்சுப் போனீங்க? காலி நாற்காலியப் பாத்து மன்னிப்புக் கேட்டு டைப் அடிச்சுக்கிட்டே இருந்தேனே!”

நேரே அவரைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டர் போனேன். பாண்டிமுருகன், “சுத்தமான லைன்ணே” என்று ஆரம்பித்து மெசினைப் போட்டார். மேசை வந்தது, நாற்காலி வந்தது, போனது. அதே வெள்ளை. அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து அவர் சம்சாரம் காளீஸ்வரி, “ஏங்க, எங்க அம்மாவுக்குப் போன் போடலாம்னு எடுத்தா இன்னைக்கும் கீய்யுன்னு கத்துது, என்னான்னு பாருங்க!” என்று சத்தம் போட்டது. மாடிக்கும் கீழுக்கும் ஒரே போன் லைனாம், கம்ப்யூட்டரும் அதே லைனில்தான் அமெரிக்கா போகிறதாம். அந்தம்மா ரிசீவரை எடுத்தால் அமெரிக்கா அறுந்துபோகும். பாண்டிமுருகன் தலையைக் குனிந்துகொண்டு, “லைன் அறுந்துச்சுன்னா தொழில் கெட்டுரும்னுதான் அவரு எந்திரிச்சுப் போயிட்டாருன்னு சொன்னேண்ணே” என்றார். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நானும் தொழில் செய்கிறவன்தானே, மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை தாமதித்தது என்று நான் படித்ததெல்லாம் டெலிபோன் கம்பி தாமதித்ததாம். கம்பியின் குணத்தைப் படித்து மனிதனுக்கு மார்க் போட்டிருக்கிறேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் குணம் விடவில்லை. “வந்தது வந்தீக, நேருல ஒரு கை போடுவோம்” என்றேன். சாக்கை விரித்தேன். அவருக்குச் சம்மணம் போட வரவில்லை. ஒரு காலை நீட்டினார், மடித்தார், கடைசியில் எடைக்கல்லின் மேல் உட்கார்ந்தார். சீட்டை நான் கலைத்தேன், அவர் வெட்டினார். ஆசிரியர் அவர்களே, அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்தது. காரத்தில் அவருக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. ஆனால் காரத்துக்கு ஒழுகுவது வேறு, சீட்டுக்கு ஒழுகுவது வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நான் எதற்கு வத்தல் வியாபாரி? நல்ல சீட்டு வந்தால் அவர் காது சிவக்கிறது. இல்லாவிட்டால் என்னைப் பார்க்காமல் தராசைப் பார்க்கிறார். பொய்யே தெரியாத மூஞ்சி. எனக்கு மனசு குளிர்ந்துபோய், கடைசிக் கைக்குப் புளியங்கொட்டை வேண்டாம் என்றேன். நம் இரண்டு வீட்டுக்கும் இழுபறியாக இருந்த இரண்டு விஷயத்தை வைப்போம் என்றேன். தாங்கள் திண்டுக்கல் கோவிலில்தான் கல்யாணம் என்கிறீர்கள், நான் காரைக்குடி என்கிறேன். தாங்கள் கல்யாணம் முடிந்த கையோடு பெண் விமானம் ஏற வேண்டும் என்கிறீர்கள், ஜெரினாவுக்கு எம்.எஸ்ஸி. முடிய அடுத்த ஏப்ரல் ஆகும்.

“இதெல்லாம் அப்பாவைக் கேக்கணும் மாமா” என்றார்.

“அப்பா சீட்டாடுவாகளா?”

“மாட்டாங்க.”

“அப்ப நீங்கதான் ஆடணும்.”

சீட்டைப் போட்டேன். எனக்கு வந்தது ஒரு ஜோடி பத்து. சுமார்தான். அவர் தன் சீட்டைப் பார்த்தார், காது சிவக்கவில்லை, தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணிந்து, “ரெண்டும் எனக்கு” என்றேன். அவர் ஐந்து சீட்டையும் கவிழ்த்து வைத்து, “போதும் மாமா, நீங்க ஜெயிச்சிட்டீங்க” என்று எழுந்தார். மோர் குடித்தார், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார், ஜெரினாவுடன் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு திண்டுக்கல் பஸ் ஏறினார். ஜெரினா என்னை அப்பா என்று கூப்பிட்டாள்.

ஆகவே, நியாயமாக ஆடி ஜெயித்தபடி, கல்யாணம் காரைக்குடியில், ஜெரினா படிப்பு முடிந்த பிறகு பயணம். தாங்கள் மனம் கோணாமல் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் போனில் பேசியதற்கு மன்னிக்க வேண்டும். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் அடைக்கலமேரியின் தோத்திரம். பெரியவர்கள் பாதத்தில் என் வணக்கத்தை வைக்கவும். தங்கள் குடும்பத்துக்கு ஆண்டவர் நீடித்த ஆயுசும் கெடாத தூக்கமும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
வியாகுலம்

பி.கு.: கவருக்குப் பசை தடவுமுன், சாக்கில் கிடந்த சீட்டுகளை அடுக்கலாம் என்று போனேன். தங்கள் மகன் கவிழ்த்து வைத்த ஐந்தும் தனியாகக் கிடந்தன. திருப்பினேன். மூன்று ராஜா, இரண்டு ராணி. என்னுடைய ஜோடிப் பத்து அதற்கு முன்னால் தூசிக்குச் சமம். மேலே மூஞ்சி, காது, தராசு என்று நான் எழுதியதை எல்லாம் தாங்கள் வாசிக்காததாக வைத்துக்கொள்ளவும்.

வீட்டுக்குப் போய் ஜெரினாவிடம் சீட்டைக் காட்டினேன். சிரித்தாள். “அவருக்குச் சீட்டும் தெரியும், உங்களையும் தெரியும்பா. நீங்கதான் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவீகளே!” பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள். “அது கெடக்கட்டும். என் படிப்பை யாரைக் கேட்டுப்பா பந்தயத்துல வச்சீக? அது உங்க சரக்கா?”

அது என் சரக்கு இல்லை. மேசைமேல் வைத்திருக்கவே கூடாது. கோவில் என் சரக்கு, அதை நான் ஜெயிக்கவும் இல்லை. தங்கள் மகன் விட்டுக்கொடுத்ததை நான் ஜெயித்ததாக எழுதிக்கொண்டால் நாளைக்கு மண்டியில் எவன் மூஞ்சியில் விழிப்பேன்? அதனால் மேலே எழுதிய நிபந்தனையை அடித்துவிட்டு இப்படி மாற்றிக்கொள்ளவும்: கல்யாணம் தாங்கள் கேட்டபடி திண்டுக்கல் கோவிலில், தை மாதம். சமையல் எங்கள் காரைக்குடி ஆட்கள். ஜெரினா ஏப்ரலில் பரீட்சை எழுதி முடித்த பிறகே விமானம், அதில் பேரம் கிடையாது. இனிமேல் சீட்டு என்று உட்கார்ந்தால் மாப்பிள்ளை எனக்கு எதிராளியாக ஆடக் கூடாது, என் கூட்டாளியாக மட்டுமே ஆட வேண்டும். மாப்பிள்ளை அனைத்துக்கும் சம்மதம் என்று ஜெரினா சொல்கிறாள். பஸ்ஸில் போகிறவரிடம் எப்போது சம்மதம் வாங்கினாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.