முன் சீற்றில் இருந்த தம்பி

மைக்கல் காரின் முன் சீற்றில் ஏறி, கதவையும் சாத்திக்கொண்டு இருந்தான். இனி யார் வந்தாலும் இறங்குவதில்லை என்பது அவன் முடிவு.

"இறங்கு ராசா. முன்னுக்குப் பெரியவற்ற மகன் இருக்கப் போறார்," என்றார் தகப்பன் டொமினிக்.

"போன கிழமை பஸ்ஸில போறதெண்டு இருந்தபோதே முன் சீற் எனக்கு எண்டு சொன்னனீங்கள்தானே?"

சொன்னவர்தான். ஆனால் போன கிழமை டொமினிக்குக்குக் கொழும்பு மாற்றம் பற்றித் தெரியாது.

சீனன்குடா எண்ணெய்க் கிடங்குக் கந்தோரில் அவர் கிளாக்கர். அங்கே புதிதாக வந்திருந்த, எல்லாரும் பெரியவர் என்று சொல்லும் அதிகாரி குணரத்தினம், கிளாக்கர்மாரில் ஒருவரைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், யாரென்று திங்கட்கிழமை சொல்லுவேன் என்றிருந்தார். டொமினிக்குக்கு லிங்கநகரில் பாதிக்கு ஓடு போட்ட வீடு. மாசமாயிருக்கிற மனைவி இன்பமலர். ஏழு வயது றோஸ், ஐந்து வயது மைக்கல். இதெல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு அறையில் படுத்துக் கடைச் சோறு தின்ன அவரால் ஏலாது. அதைப் பெரியவரிடம் நேரே போய்ச் சொல்லவும் பயம். அதனால் கோயிலுக்குப் போகிறவர்கள் வாசலை விட்டுவிட்டு மதிலைச் சுற்றுவதுபோல ஒரு வழி பார்த்தார். ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிப்போகிறோம், உங்கள் மகனையும் அனுப்புங்கள் என்று பெரியவரின் மனைவியைச் சந்தையில் கண்டபோது சொல்லிவைத்தார். அந்த அம்மாவும் ஞாயிறு காலையில் அனுப்புகிறேன் என்றார். பஸ்ஸில் போக இருந்த குடும்பம் ஸெய்னுதீனின் வாடகைக் காருக்கு உயர்ந்தது இப்படித்தான்.

முதல் பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில், பெரியவரின் வீடு இருக்கும் உவர்மலைப் பக்கமிருந்து ஒரு பெடியன் தனியாக நடந்து வந்து வாசல் படலையடியில் நின்றான். ஏழெட்டு வயது இருக்கும். நீலக் கட்டம் போட்ட சட்டை.

பெரியவரின் மகனை டொமினிக் அதற்கு முன் கண்டதில்லை. சட்டையைப் பார்த்து ஆளை மதிப்போம் என்றால் அந்த வருடம் அதற்கும் வழியில்லை. சங்கக்கடையில் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுத்த துணி அந்த நீலக் கட்டம் ஒன்றுதான். அதிகாரி வீட்டிலும் அதுதான், மீன்வாடியிலும் அதுதான். மைக்கலும் அதைத்தான் போட்டிருந்தான், டொமினிக்கும் அதைத்தான் போட்டிருந்தார். ஸெய்னுதீன் கார்ச் சீற்றுக்கே அதில் உறை தைத்திருந்தார்.

"குணரத்தினம் ஐயா வீட்டில இருந்துதானே வாறியள்?"

"ஓம்," என்ற பெடியன் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

டொமினிக் விடவில்லை. தம்பி வெயிலில் நின்று கதைக்கக்கூடாது என்று அவனை அப்படியே தூக்கினார். மைக்கலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன் சீற்றில் இருத்தினார். இன்பமலர் அவன் கையில் ஒரு கிறீம் பிஸ்கட் கொடுத்தாள். பெடியன் பிஸ்கட்டைப் பார்த்தான், காரைப் பார்த்தான், கொஞ்சம் யோசித்தான். பிறகு மற்றக் கையையும் நீட்டினான்.

கார் ஓடத் தொடங்கியதும், பிள்ளையின் காலில் செருப்பில்லையே என்று இன்பமலர் கணவனின் காதுக்குள் சொன்னாள்.

"பெரிய இடங்களில அப்பிடித்தான். வெறுங்காலோட நடந்தா உடம்புக்கு நல்லமாம்," என்றார் டொமினிக். சொன்னதோடு நிற்கவில்லை. தம்பி மட்டும் வெறுங்காலோடு நடந்தால் மரியாதை இல்லையென்று றோஸையும் மைக்கலையும் செருப்பைக் கழற்றவைத்தார்.

கன்னியாவில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. பெரியவரின் பிள்ளை சுடுகல்லில் ஓடித் திரிந்தான். டொமினிக்கின் பிள்ளைகள் இரண்டும் கால் வைக்க ஏலாமல் துள்ளிக்கொண்டு நின்றன. றோஸின் பாதத்தில் கொப்புளம் வந்தது. அவளை இன்பமலர் இடுப்பில் தூக்கப் போக, மாசமாயிருக்கிறவள் தூக்கக்கூடாது என்று டொமினிக் ஓடிப்போய் வாங்கினார். அதற்குள் பெடியன் கூப்பிட்டான்.

"மாமா, தண்ணி அள்ளி ஊத்துங்கோ."

றோஸைக் கீழே விட்டுவிட்டு மாமா வாளியைத் தூக்கினார். அங்கே இருப்பது ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தம்பிக்கு ஏழும் வேண்டும். ஏழும் முடிய, திரும்பவும் முதலாவதிலிருந்து வேண்டும். கந்தோரில் பேனையை விடப் பாரமாக எதையும் தூக்காத டொமினிக்குக்கு மூச்சு வாங்கியது. வரிசையில் நின்ற சனம் முணுமுணுத்தது. இது யாருடைய பிள்ளை தெரியுமோ என்று அவர் ஒரு கிழவரிடம் சத்தமாகவே கேட்டார். கிழவருக்குத் தெரியவில்லை.

குளித்து முடிந்த தம்பிக்கு மாற்றுச் சட்டை இல்லை. நனைந்த சட்டையோடு போய்ச் சளி பிடித்தால் டொமினிக் கொழும்புக்குத்தான். மைக்கலின் மாற்றுச் சட்டையை எடுத்துத் தம்பிக்குப் போட்டார். வாளித் தண்ணீரில் நனைந்து நின்ற மைக்கல் அழுதான். அவன் அழுகையை நிறுத்த ஒரு உடுப்பு வேண்டியிருந்தது. பையில் மிச்சமிருந்தது றோஸின் கவுண்தான்.

கவுணோடு நின்ற மைக்கலைப் பார்த்துப் பெடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மைக்கல் ஓடிப்போய் அவன் முதுகில் ஒரு குத்து விட்டான். டொமினிக் மைக்கலுக்கு ஒரு அறை விட்டார்.

அதுவரை அவர் அந்தப் பிள்ளைக்கு அடித்ததில்லை. அடித்த கை அவருக்கே வலித்தது. மைக்கல் அழக்கூட இல்லை, கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தான். டொமினிக் அவன் பக்கம் கையை நீட்டினார். ஆனாலும் திங்கட்கிழமை நினைவுக்கு வர, குத்து வாங்கிய முதுகைத்தான் தடவிக்கொடுத்தார்.

இன்பமலர் கணவனின் முகத்தைப் பாராமல் சோற்றுப் பார்சலை அவிழ்த்துப் பரிமாறினாள். பொரித்த கோழியில் இருந்த இரண்டு காலையும் டொமினிக் தூக்கித் தம்பியின் வாழையிலையில் வைத்தார். தம்பி எலும்பையும் விடவில்லை. அதிகாரிமார் வீட்டில் பிள்ளைகளுக்கு அளந்துதான் சாப்பாடு கொடுப்பார்களாம் என்று டொமினிக் ஸெய்னுதீனுக்கு விளக்கம் சொன்னார். ஸெய்னுதீன் பீடி பற்றவைத்தார்.

"அப்பா, நாங்கள் உங்கட பிள்ளையள் இல்லையோ?" என்று கேட்டாள் றோஸ்.

டொமினிக் தம்பியின் பக்கம் குனிந்து, மாமா நல்லவர் என்று வீட்டில் சொல்லுவீர்களா என்று கேட்டார். வாய் நிறையச் சோறோடு பெடியன் தலையை ஆட்டினான். டொமினிக்குக்குக் கொழும்பு பத்து மைல் தள்ளிப்போனதாகத் தெரிந்தது.

சோறு இறங்கியதும் தம்பி கடல் பார்க்க வேண்டும் என்றான். உப்புவெளிக்குப் போனார்கள். மணல் சுடுகிறது என்று றோஸ் அழுதாள். தம்பி டொமினிக்கின் தோளில் ஏறி இருந்து, அலைக்குள் போ, இன்னும் போ என்று காதைப் பிடித்துத் திருப்பினான். ஒரு அலை வந்து டொமினிக்கைக் கழுத்துவரை நனைத்தது. தம்பிக்கு ஒரு துளி படவில்லை. அதில் அவருக்குப் பெருமை.

பொழுது சாயும் நேரம் உவர்மலைக்குத் திரும்பினார்கள். தம்பி முன் சீற்றில், கையில் ஐஸ் பழம். பின்னுக்கு மைக்கல் கவுணோடு நித்திரை. இன்பமலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

பெரியவர் கிணற்றடியில் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று மேலில் வியர்வை ஒழுக, அவரே தண்ணீர் அள்ளி வாளி வாளியாகச் சமையல் குசினிக்குள் கொண்டுபோனார்.

"பாரும், எவ்வளவு எளிமையான மனிசன்," என்றார் டொமினிக் மனைவியிடம். இப்படிப்பட்டவர் ஒரு குடும்பத்தைப் பிரிக்கமாட்டார் என்று அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இறங்கிப்போய்க் கதவைத் திறந்து, தம்பியை இரண்டு கையாலும் தூக்கி நிலத்தில் மெல்ல விட்டார். காரடியில் நின்றபடியே பெரியவருக்கு ஒரு கும்பிடும் போட்டார். பெரியவர் வாளியைக் கீழே போட்ட சத்தம் றோட்டுவரை கேட்டது.

பெரியவரின் மனைவி படலையடிக்கு வந்து, ஐஸ் பழம் சூப்பிக்கொண்டு நின்ற பெடியனை மேலும் கீழும் பார்த்தார்.

"டொமினிக், மகனுக்குக் காய்ச்சல், வரமாட்டார் எண்டு சொல்லிப்போட்டு, தண்ணி அள்ளக் கெதியா ஓடி வா எண்டு விடிய உங்களிட்ட அனுப்பின வேலைக்காரப் பெடியன் இவன். சொன்னவனோ?"