அரக்கு வைத்த விளக்கு

திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நின்று யோசிக்கும் சாலைக்கு அருகில், முத்திரைக் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. துறைமுகத்துக்குப் போய் வருகிற பெட்டிகளின் மேல் அரக்கு முத்திரை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் தலையாய கடமை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதன் கடமை அல்ல. முத்திரை உடையவில்லை என்றால் உள்ளே இருப்பதும் உத்தமமானது என்று அரசாங்கம் நம்பியது. அதற்குத்தான் சம்பளமும் கொடுத்தது.

வேலையின் மேல் உள்ள பக்தியால் அந்த அலுவலகத்தில் கண்ணில் பட்டதற்கெல்லாம் அரக்கு வைத்திருந்தார்கள். பீரோவுக்கு, ஜன்னலுக்கு, புகார்ப் பெட்டிக்கு. ஊழியர்கள் முள்ளைத் திருப்பிவிட்டுச் சீக்கிரமாக வீட்டுக்கு ஓடக் கூடாது என்று சுவர்க் கடிகாரத்துக்கும் வைத்தார்கள். ஒருநாள் அது நின்றுபோயிற்று. அரக்கை உடைத்துச் சாவி கொடுக்க மேலிடத்து அனுமதி வராததால், அந்த அலுவலகத்தில் எப்போது பார்த்தாலும் டீ வேளைதான்.

இந்த அலுவலகத்துக்கு ஒரு கார் இருந்தது. யாருக்காகவோ அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து, எடுத்துப்போக ஆள் வராமல், சில வருஷம் உப்புக் காற்றைக் குடித்துவிட்டு, கடைசியில் அரசுப் பணிக்கு ஒதுக்கப்பட்டது. ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் போலீஸ்காரர்கள் வலது பக்கம் உட்கார்ந்திருந்த உதவி இயக்குநர் சுப்புராயனை டிரைவர் என்று நினைத்து அதட்டினார்கள். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர் வல்லரசுக்கு சல்யூட் அடித்தார்கள். இரண்டு முறை இப்படி நடந்த பிறகு சுப்புராயன் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

வல்லரசு, பெயரில் மட்டும்தான் வல்லரசு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிற தினக்கூலி டிரைவர். மகன் பிறந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தான். மகனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. அப்பாவின் வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். அந்தக் கோப்பு எத்தனையோ மேஜைகளில் தூங்கி எழுந்து, இப்போதுதான் ஒரு வழியாக மேலிடத்திலிருந்து பதில் வந்திருந்தது. வல்லரசின் பொறுப்பில் உள்ள வாகனம் 'முற்றிலும் பழுதற்றது' என்று அதிகாரி மாதக் கடைசிக்குள் சான்றளித்தால் பணி நிரந்தரம். தவறினால் பெயர் நீக்கம். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

பதில் வந்த மறுநாள் காலையில் காரின் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் விளக்கு இருப்பதே வல்லரசுக்குத் தெரியாது. உற்றுப் பார்த்தான். எஞ்சின் மாதிரி ஒரு படம். பானட்டைத் திறந்து பார்த்தான்; எஞ்சின் இருந்த இடத்தில் இருந்தது. வண்டி எப்போதும் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் பின் சீட்டுக்காரருக்குக் கண் கூர்மை.

"என்ன வல்லரசு, ஏதோ எரிகிறதே?"

"ஒண்ணும் இல்ல சார். வண்டி சோக்கா ஓடுது. லைட்டு மட்டும் சும்மா எரிஞ்சிகினு கீது."

"அரசு வாகனத்தில் எதுவும் சும்மா எரியக் கூடாது. அலுவலகம் வந்ததும் எழுத்துமூலம் விளக்கம் கொடு."

கண்காணிப்பாளர் எழில்மொழி அம்மாள் அதை முறையான தமிழில் தட்டச்சு செய்தார். 'மேற்படி வாகனத்தில் எஞ்சின் சோதனை விளக்கு முன் அனுமதியின்றித் தன்னிச்சையாக ஒளிர்ந்தமைக்கு ஓட்டுநர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' வல்லரசு கீழே எழுதினான்: 'நான் போடவில்லை ஐயா. அதுவே எரிகிறது.' இந்தப் பதில் திருப்திகரமாக இல்லை என்று அன்று மாலையே முடிவாகிவிட்டது.

"மேடம், ஓடுற வண்டிதானே நல்ல வண்டி?" என்று அவன் எழில்மொழியிடம் கெஞ்சினான்.

"ஓடுறது வேற, பழுதில்லாம இருக்கிறது வேற, வல்லரசு. நம்ம ஆபீஸையே எடுத்துக்கோ. பழுதே இல்லை. ஓடுதா?"

அப்போது ஊரெல்லாம் கம்ப்யூட்டர் மோகம். கம்ப்யூட்டர் ஜாதகம், கம்ப்யூட்டர் கண் பரிசோதனை, வண்ணாரப்பேட்டையில் ஒரு தையல்காரர்கூட 'கம்ப்யூட்டர் அளவு எடுக்கப்படும்' என்று போர்டு மாட்டிவிட்டு, பழைய டேப்பையே கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அலையில் விம்கோ நகர் மெக்கானிக் வெள்ளத்துரையும் கடைக்குப் புதுப் பெயர் வைத்திருந்தான்: 'கம்ப்யூட்டர் கார் டாக்டர்.' துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஒரு சின்ன மிஷின்தான் கம்ப்யூட்டர். அதற்கு ஏ.சி. ரூம். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். வெள்ளத்துரை மட்டும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்தான்.

"இன்னா மாமு, வண்டிக்கு இன்னா நோவு?" என்றான்.

"அத்தச் சொல்லத்தான உன்னாண்ட வந்தேன்!"

வெள்ளத்துரை ஸ்டியரிங்குக்கு அடியில் மிஷினின் ஒயரைச் சொருகினான். கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டான். மிஷின் கத்தியது.

"பி சைபர் நாலு நாலு சைபர்" என்று வெள்ளத்துரை அதில் வந்ததைப் படித்தான்.

"அப்டின்னா?"

"கோடு மாமு. அமெரிக்காக்காரன் வண்டிக்கு வர்ற நோவுக்கெல்லாம் நம்பர் போட்டு வெச்சிருக்கான்."

"நம்பர் இருக்கட்டும். நோவு இன்னா?"

"அவசரப்பட்டா எப்டி? ஒவ்வொண்ணா மாத்திப் பாப்போம். எதை மாத்துனா லைட்டு அணையுதோ, அதான் நோவு."

ஸ்பார்க் பிளக் மாறியது. ஏதோ ஒரு சென்சார் மாறியது. எதிலும் அணையவில்லை என்றதும் வெள்ளத்துரை மிஷினிலேயே ஒரு பொத்தானை அழுத்தி, அந்தக் கோடு நம்பரையே அழித்துவிட்டான். விளக்கு அணைந்தது. வல்லரசு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அலுவலகத்துக்குப் பறந்தான். சுப்புராயன் விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்து, சான்றிதழை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தபோது விளக்கும் திரும்பி வந்திருந்தது.

அன்று ராத்திரி வல்லரசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இன்னாபா, மூஞ்சே செத்துப் பூட்சே?" என்றாள் மனைவி யசோதரா.

"பேஜாராக்கீது யசோ. அந்த லைட்டு அணையலன்னா என் வேலை அணைஞ்சிடும்."

"வண்டியே நோவு இன்னான்னு சொல்லிகினு கீது. நீங்க எல்லாம் சேந்து அது வாயைப் பொத்தத்தான் பாக்குறீங்க. காது குடுத்துக் கேளேன்."

மறுநாள் அவன் கேட்கத்தான் போனான். வெள்ளத்துரையின் சட்டைக் காலரைப் பிடித்தே கேட்டான். வெள்ளத்துரை துபாய் மச்சானுக்குப் போன் போட்டு, மச்சான் அங்கே யாரையோ கேட்டு, விஷயம் அரை மணியில் தெரிந்துவிட்டது. முதல் நாளே கேட்டிருக்கலாம். ஆனால் சட்டென்று கண்டுபிடித்தால் டாக்டருக்கு மரியாதை இருக்காது.

"மாமு, எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. பெட்ரோல் டாங்கிலேர்ந்து காத்து லீக்காவுதாம். டாங்கி மூடி ஒழுங்கா மூடலன்னாலும் இந்தக் கோடுதானாம். மூடியப் பாப்போம், வா."

இருவரும் காரின் பின்பக்கம் போனார்கள். சின்னக் கதவைத் திறந்தார்கள். மூடியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூடியில் இரண்டு ஓட்டை. ஓட்டைகளின் வழியாக ஒரு கம்பி. கம்பியின் முனையில் அரக்கு. அரக்கின் மேல் அலுவலக முத்திரை.

இதுதான் சுப்புராயனின் புகழ்பெற்ற 'மூடி முத்திரைத் திட்டம்.' டிரைவர்கள் பெட்ரோலை உறிஞ்சி விற்கிறார்கள் என்று மேலிடத்துக்கு ஒரு சந்தேகம். மூடியில் ஓட்டை போட்டு, கம்பி கோத்து, அரக்கு வைத்துவிட்டால் யாரும் திறக்க முடியாது என்று சுப்புராயன் போன மாதம்தான் கண்டுபிடித்தார். பெட்ரோல் போடும்போது மட்டும் அவர் முன்னிலையில் அரக்கை உடைத்து, உடனே புதிதாக வைப்பார்கள். அவரே தம் கையால் முதல் ஓட்டையைப் போட்டார், ஊழியர்கள் கைதட்டினார்கள். வல்லரசும்தான் தட்டினான். மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. குடியரசு தினத்தன்று பதக்கம் வேறு வருவதாக இருந்தது. பெட்ரோலை உறிஞ்சுகிறவன் மூடியைத் தொடுவதே இல்லை, வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றுவான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கேட்காத அதிகாரியிடம் போய் எதையாவது சொல்வது ஒழுங்கீனம்.

வல்லரசு அறைக்குள் போய், கையைக் கட்டிக்கொண்டு, மென்று விழுங்கிச் சொன்னான். சுப்புராயன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதாவது, என் திட்டத்தில் ஓட்டை என்கிறாய்?"

"ஐயோ, இல்ல சார்! மூடியிலதான் சார் ஓட்டை."

"யார் சொன்னது?"

"கம்ப்யூட்டரு சார்."

"அமெரிக்கக் கம்ப்யூட்டருக்கு நம் நாட்டு நடைமுறை எப்படித் தெரியும்? அரசாங்கம் ஓட்டை போட்டால் அது ஓட்டை இல்லை, ஏற்பாடு. அதை முதலில் அந்தக் காருக்குப் புரிய வை."

"வேற மூடி மாட்டினா லைட்டு அணைஞ்சிடும் சார்."

"பெட்ரோல் போடுவதற்குத் தவிர வேறு எதற்காகவும் முத்திரையை உடைப்பது தண்டனைக்குரிய குற்றம்."

"அப்ப சான்றிதழ் சார்?"

"விளக்கு எரிகிற வண்டிக்கு எப்படி அப்பா சான்றிதழ் தருவேன்? என் மனசாட்சி இடம் கொடுக்குமா?"

மாதம் முடிய ஒரே நாள் இருந்தது. வல்லரசின் கண்ணுக்கு முன்னால் யசோதராவின் முகம் வந்தது, மகனின் அரும்பு மீசை வந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதரைச் சுமந்து ஓட்டியதற்கு இதுதானா பலன் என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அவன் அதைச் சொன்னான்.

"அப்ப அந்த லைட்டு மேலயும் ஒரு அரக்க வெச்சிடுங்க சார்!"

அறை மூலையில் எழில்மொழி தட்டச்சை நிறுத்தினார். சுப்புராயன் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, வல்லரசின் தோளில் கை வைத்தார்.

"இத்தனை நாள் உன்னைத் தினக்கூலியில் வைத்திருந்தது நிர்வாகத் தவறு" என்றார்.

அன்று மாலையே மெழுகுவத்தி ஏற்றி, அரக்கை உருக்கி, டேஷ்போர்டு கண்ணாடியில் மஞ்சள் விளக்கு தெரிகிற இடத்தில் ஊற்றி, முத்திரை குத்தினார்கள். சுப்புராயன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். எந்த விளக்கும் எரிவதாகத் தெரியவில்லை. 'முற்றிலும் பழுதற்றது' என்று மனசாட்சியோடு கையெழுத்துப் போட்டார். ஆணை வந்துவிட்டது. வல்லரசு நிரந்தர ஓட்டுநர் ஆனார். நிரந்தரமான ஒருவரை இனி 'அவன்' என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

பிறகு தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். ஒரு விளக்குக்கு மட்டும் முத்திரை இருப்பது ஏன், மற்ற விளக்குகள் முத்திரையின்றிக் கவனிப்பாரற்றுக் கிடப்பது ஏன் என்று ஆட்சேபம் எழுப்பினார்கள். நியாயமான கேள்வி. ஆயில் விளக்கு, சூடு காட்டும் முள், பிரேக் விளக்கு எல்லாவற்றுக்கும் அரக்கு வைத்து ஆட்சேபம் தீர்க்கப்பட்டது.

செய்தி வெளியே பரவியது. அரக்கு வைத்த வண்டிக்கு சர்க்காரே 'பழுதில்லை' என்று சொல்லிவிட்டதாம் என்று பேச்சு. யாருக்குத்தான் ஆசை வராது? முதலில் கால் டாக்ஸிகள், பிறகு மாதவரத்து லாரிகள், பிறகு கல்யாணச் சீராகக் கொடுத்த புதுக் கார்கள். வெள்ளத்துரை 'கம்ப்யூட்டர்' போர்டைக் கழற்றிவிட்டு, 'இங்கு ஒரிஜினல் அரக்கு வைக்கப்படும்' என்று மாட்டினான். வரிசை தெருமுனை வரை நின்றது. மிஷின் வைத்திருந்த ஏ.சி. ரூமில் இப்போது அரக்கு உருகாமல் இருந்தது. நோவு என்ன என்று கேட்க ஒருவரும் வரவில்லை. டெபோ பஸ்ஸுக்குக்கூட வைத்துவிட்டார்கள். அதில் ஏறியவர்கள் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் எண்ணூர் போகிற வழியில், நடு ரோட்டில், அமெரிக்கக் கார் நின்றது. பானட்டிலிருந்து புகை. அரக்குக்கு அடியில் ஆயில் விளக்கு எத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்ததோ, யாருக்குத் தெரியும்?

"என்ன ஆயிற்று?" என்றார் சுப்புராயன்.

வல்லரசு டேஷ்போர்டைப் பார்த்தார். ஓர் அரக்குகூட உடையவில்லை.

"ஒரு பழுதும் இல்ல சார்."

"நல்லது" என்று சுப்புராயன் கோப்பைப் பிரித்துக்கொண்டார்.

பின்னால் லாரிகள், லாரிக்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் ஊர். ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"யோவ், வண்டி இன்னாய்யா ஆச்சு?"

"இன்னாவும் ஆவலியே. முத்திரையப் பாரு."

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் வண்டியிலும் அதே சிவப்பு அரக்குதான். மரியாதையோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கரீட்டுதான் தலைவா. பழுது இல்ல. ஆனா நவுரலியே. எறங்கி ஒரு கை குடு, ஓரமாத் தள்ளிடலாம்."

வல்லரசு கதவுக் கண்ணாடியை நிதானமாக ஏற்றினார். பாதியில் நிறுத்தி, இடுக்கு வழியாகச் சொன்னார்:

"தள்றதெல்லாம் தினக்கூலிக்காரன் வேலை நைனா. நான் பர்மனெண்டு."

அதில் இருந்த நியாயம் எல்லாருக்கும் உடனே புரிந்தது. லாரிக்காரர் தாம் சங்கத்தில் உறுப்பினர் என்றார். பஸ் கண்டக்டர் தம் வேலை டிக்கெட் கிழிப்பது மட்டும்தான் என்றார். பஸ்ஸிலிருந்த நாங்கள் டிக்கெட் எடுத்தவர்கள். எடுத்த டிக்கெட்டைக் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தள்ளுவதற்கு யாராவது ஒரு தினக்கூலிக்காரன் அந்த வழியாக வருகிறானா என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தோம்.