சலவைக் கடையை நம்பாத கம்ப்யூட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இரண்டு சலவை மெஷின்களும் நலம். மூன்றாவதுக்கு மட்டும் லேசாக இருமல். நீயும் உன் மனைவியும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க.

நீ கடைக்குச் செய்து கொடுத்த வெப்சைட் திங்கட்கிழமை நம் மானத்தை வாங்கிவிட்டது. பெரிய ஹோட்டல் ஒன்று படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் நம்மிடமே வெளுக்கக் கொடுப்பதாக இருந்தது. அதன் மேனேஜர் நம் பக்கத்தைத் திறந்தால், சிவப்பு முக்கோணம் போட்டு, இந்தத் தளத்தின் சான்றிதழை நம்ப முடியாது, உங்கள் தகவல்களை யாராவது திருடலாம் என்று வந்ததாம். நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றுவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உனக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சான்றிதழைத்தானே கேட்கிறது, காட்டிவிட்டால் போச்சு என்று பீரோவைக் கவிழ்த்து, கடை லைசென்ஸ், என் தையல் சான்றிதழ், எங்கள் கல்யாணப் பதிவு, உன் அத்தான் பள்ளிக்கூடத்தில் நீச்சலில் மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்தது (மொத்தம் மூன்று பேர்தான் நீந்தினார்களாம், வெளியே சொல்லாதே) எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவிட்டேன். லைசென்ஸைக் கம்ப்யூட்டர் முன்னாலும் பிடித்துப் பார்த்தேன். அது மசியவில்லை.

மேனேஜர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் முழுக்கப் படித்தார். "எல்லாம் சரிதாம்மா, ஆனா கம்ப்யூட்டர் உங்கள நம்பமாட்டேங்குதே" என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"அது என்னைக்காவது ஒரு துணி வெளுத்திருக்கா சார்? சட்டையக் கழட்டுங்க."

பாக்கெட்டில் உள்ளங்கை அகலம் இங்க் கறை, தம்பி. மனிதர் அரை மணி நேரம் உன் அத்தான் சட்டையில் புதைந்து உட்கார்ந்திருந்தார். வெளுத்துக் காயவைத்து, சூட்டோடு சூடாகத் தேய்த்துக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கறை இருந்த இடமே தெரியவில்லை. நாளையிலிருந்து தினம் ஒரு வேன் துணி என்று அங்கேயே சொல்லிவிட்டார். இஸ்திரிக்கு இரண்டு பேரை வரச் சொல்லிவிட்டேன், சோப்புத்தூள் ஆறு மூட்டை வந்து இறங்கிவிட்டது, உன் அத்தான் பாத்ரூமில் பாடுகிறார். ஆகவே வெப்சைட்டைச் சரிசெய்ய அவசரமே இல்லை, லீவில் வரும்போது பார்த்துக்கொள்.

வெளுத்த துணி போல உங்கள் குடும்பம் பளிச்சென்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
பூரிப்புடன்,
உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மேனேஜர் போன் செய்தார். நேற்றிலிருந்து அவர்கள் ஹோட்டல் வெப்சைட்டிலும் அதே முக்கோணமாம். ரூம் போட வந்தவர்கள் எல்லோரும் பயந்து ஓடிவிட்டார்களாம். மூன்று மாடியும் காலி, வெளுக்க ஒரு தலையணை உறைகூட இல்லை. நம்முடையது கிடக்கட்டும், நீ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து அவருடையதைச் சரிசெய்.