கார்டு அண்ணாச்சியின் தொடர்புகள்

தபால்கார்டை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்து அநியாயங்களை ஒழித்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கார்டு அண்ணாச்சிதான். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது. கோவில்பட்டி பஜாரில் குடை ரிப்பேர் செய்வது தொழில். எங்கள் கரிசல் பக்கம் மழை எப்போதாவது தலையைக் காட்டிவிட்டுப் போகும் என்பதால், கார்டு எழுத அவருக்கு நிறைய நேரம் இருந்தது.

அப்போது நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். அங்கே ஒரு தண்ணீர்ப் பானை. நாங்கள் மொண்டு குடிக்கலாம். தெற்குத் தெருக்காரர்கள் சாதியில் குறைந்தவர்களாம். யாராவது ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டும். என்னோடு குச்சிக்கு மருந்து முக்கும் தெற்குத் தெரு மாடசாமி ஒருநாள் தானே மொண்டு குடித்தான். அன்றைக்கே முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பினார். அவன் கூலியை நம்பி அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

எங்கள் இளைஞர் மன்றம் கூடியது. வீரமாகப் பேசினோம். பேசி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாச்சியிடம் போனோம்.

"தொடர்பு இருக்கால ஒங்களுக்கு?" என்றார். "எந்த ஊர்ல யாரு நம்ம பக்கம்னு தெரியுமா? தொடர்பு இல்லாம நியாயம் எப்படில நடக்கும்?"

அவருடைய தொடர்புகள் ஒரு நோட்டில் இருந்தன. நாகலாபுரத்தில் பலசரக்குக் கடை பாய், மணியாச்சி ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர், ஓட்டப்பிடாரத்தில் ஒரு டெய்லர், இப்படி. பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. தபால்காரர்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவார். அவர்கள் எல்லாருக்கும் பானை விஷயத்தைக் கார்டில் எழுத உட்கார்ந்தார் அண்ணாச்சி.

"கவர்ல எழுதலாமே அண்ணாச்சி. கார்டுன்னா ஊரே படிக்குமே" என்றேன்.

"படிக்கட்டும்ல. கவர்னா ஒருத்தன்தான படிப்பான்."

சென்னையில் ஏதோ ஒரு வாலிபர் சங்கத்துக்கும் எழுதினார்: 'எங்கள் ஆபீஸில் தண்ணீர் குடித்ததற்காக ஒருவரை நீக்கிவிட்டார்கள்.' பதிலுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே டைப்ரைட்டிங் பயிற்சிப் புத்தகமும், குமாஸ்தாக்களின் உரிமைகள் பற்றிய பிரசுரமும் இருந்தன.

அண்ணாச்சி அசரவில்லை. பிரசுரத்தோடு ஆபீஸுக்குக் கிளம்பினார். கூடப் புறப்பட்ட மன்றத்து வீரர்கள் தெருமுனைக்கு ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். நான் ஆபீஸ் வாசல் வேப்பமரம் வரை போனேன். அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"முதலாளி, மேசைக்கு ஒரு கூஜா தண்ணி வைக்கணும்னு இதுல போட்டிருக்கு."

"இங்கன மேசையே கெடையாதே வே."

"அப்பம் இருக்க பானையப் பொதுவாக்கிருங்க."

அண்ணாச்சியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

ஆனால் கார்டுகள் சும்மா இருக்கவில்லை. முதலாளி சரக்குப் போட நாகலாபுரம் போனபோது கடை பாய் கேட்டாராம்: "வாங்க பானை முதலாளி. ஒங்க தீப்பெட்டிய நாங்க தொட்டு ஒரசலாமா, இல்ல நீங்களே ஒரசித் தருவீயளா?" மணியாச்சி போர்ட்டரும் பானை முதலாளி என்றே கூப்பிட்டார். ஓட்டப்பிடாரம் டெய்லர், தொடாமல் அளவெடுக்கட்டுமா என்று கேட்டார்.

அடுத்த வாரம் மாடசாமி வேலைக்கு வந்தான். பானைமேல் எல்லாருக்கும் ஒரே டம்ளர். மன்றத்தில் வெற்றிக் கூட்டம் போட்டோம். அண்ணாச்சியைக் கூப்பிட மறந்துவிட்டோம்.

அவர் காலமான பிறகு அந்த நோட்டு மாடசாமி மூலம் என் கைக்கு வந்தது. தொடர்புகளில் என் பெயரும் இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'பயந்த சுபாவம். பேச மாட்டான். ஆனாலும் வருவான்.'

வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றவனைப் பற்றி மனிதர் இப்படியா எழுதுவார். அந்த வரியைப் பொய்யாக்கக் கூடாதே என்றுதான், இன்றைக்கும் யாராவது நியாயம் கேட்கக் கூப்பிட்டால், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.