சுரங்கக் குழிக்கு இடம் தேடிய சுகந்தபுரி

எந்த வரைபடத்திலும் இல்லாத சுகந்தபுரி என்ற நாட்டை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் பரம்பரை மன்னர் ஒருவர் ஆண்டுவந்தார். பரிமளவர்மர் என்று பெயர். தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க யாருக்கும் தடை இல்லை. நிற்க இடம்தான் இல்லை. நாங்கள் அவருடைய குடிமக்கள். உலகத்திலேயே அறிவாளிகள் நாங்கள்தான் என்று எங்கள் பாடப்புத்தகங்களில் நாங்களே எழுதிவைத்திருந்தோம். அதைப் படித்துத்தான் தேர்வும் எழுதினோம்.

தலைநகரின் உச்சியில் அரண்மனை. அதற்குச் சற்றுக் கீழே எங்கள் மேட்டுத்தெரு. எல்லாவற்றுக்கும் அடியில் பள்ளத்தெரு. ஊருக்கு இருந்தது மன்னரின் பாட்டனார் வெட்டிய ஒரே ஒரு பழைய கழிவுநீர்க் கால்வாய். மழை வலுத்தால் அது பொங்கும். அரண்மனையிலிருந்தும் எங்கள் வீடுகளிலிருந்தும் புறப்பட்டதெல்லாம் பள்ளத்தெருவுக்குள் புகுந்து, வீடு வீடாக விசாரித்துவிட்டு, மெதுவாக நீலவாணி ஆற்றில் போய்ச் சேரும். எங்களிடமிருந்து போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. ஆகவே நாட்டில் சாக்கடைப் பிரச்சினை என்று ஒன்று இருப்பதாகவே நாங்கள் கருதவில்லை.

பள்ளத்தெருவிலிருந்து மரகதம் என்ற பெண் தினமும் இஸ்திரி வண்டியை மேடேற்றித் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவாள். அவளும் கணவர் வீராசாமியும் சேர்ந்துதான் எங்கள் சட்டைகளின் மடிப்பை, அதாவது எங்கள் மரியாதையை, காப்பாற்றி வந்தார்கள்.

மழைக்காலத்தில் அவள் சொல்வாள்: "வூட்டுக்குள்ள முட்டி அளவு நிக்குதுங்க. உங்க வூட்டுத் தண்ணிதான்."

"அடடா, கஷ்டம்தான். அந்தக் காலர்ல கொஞ்சம் நல்லா அழுத்தித் தேய்ம்மா" என்போம்.

நிலைமை இப்படிச் சுமுகமாக இருந்தபோது அயல்நாட்டு வேந்தர் ஒருவர் விருந்தாளியாக வந்து, நீலவாணியில் படகு ஏறினார். ஏறியவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். கரை சேரும்வரை எடுக்கவில்லை. சுகந்தம் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் நாட்டுக்கு இது பெரிய அவமானம். நிலத்துக்கு அடியில் மாபெரும் கழிவுநீர்ச் சுரங்கம் அமைக்கப்படும் என்று மன்னர் மறுநாளே அறிவித்தார். நாங்கள் வெடி வெடித்துக் கொண்டாடினோம்.

சுரங்கத்துக்கு வழி குறிக்கும் பொறுப்பு வாகீசுவரி என்ற பொறியாளரிடம் தரப்பட்டது. சிரிக்காத பெண். அவர் வரைந்ததும் சிக்கலில்லாத ஒரு கோடுதான். அரண்மனைக்கு அடியில் தொடங்கி, மேட்டுத்தெருவுக்குக் கீழே சென்று, பள்ளத்தெருவின் ஓரமாக இறங்கி, ஊருக்கு வெளியே உப்பளத்தில் கட்டப்படும் சுத்திகரிப்பு நிலையத்தில் முடியும்.

எங்கள் குடியிருப்போர் சங்க மண்டபத்தில் இதை அவர் விளக்கியபோது பலமாகக் கை தட்டினோம்.

"இயந்திரத்தை உள்ள இறக்கவும் மண்ணை வெளிய எடுக்கவும் மூணு பெரிய குழி வேணும்" என்றார் அவர். "ஒண்ணு அரண்மனைக் குதிரை மைதானத்துல. ஒண்ணு உப்பளத்துல. நடுவுல ஒண்ணு, உங்க பூங்காவுல. சில வருஷம் தூசியும் சத்தமும் இருக்கும். அப்புறம் மூடி, பூங்காவைப் பழையபடி கொடுத்துடுவோம்."

கைதட்டல் நின்றது.

அந்தப் பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் அசுத்தப்படுத்திவிடக் கூடாதே என்று எப்போதும் பூட்டியே வைத்திருந்தோம். சாவி எங்கள் சங்கத் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி அனந்தநாராயணரிடம் இருந்தது. அவருக்கும் அதை எங்கே வைத்தோம் என்று நினைவில்லை.

நீதிபதி எழுந்தார். "சுரங்கத்தை மேட்டுத்தெரு மனப்பூர்வமாக வரவேற்கிறது. குழியைத்தான் ஏற்பதற்கில்லை. குழியில்லாமல் சுரங்கம் தோண்டும் நவீன முறைகளை அரசு ஆராய வேண்டும்."

"குழியில்லாம எப்படிங்க தோண்ட முடியும்?"

"அதைச் சொல்லவேண்டியது உங்கள் துறை அம்மா. நாங்கள் வரி கட்டுகிறோம்."

அன்றே ஓர் ஆட்சேப மனு எழுதினோம். பூங்காவில் அரியவகை வண்ணத்துப்பூச்சிகள் வாழ்வதாக அதில் குறிப்பிட்டோம். மனு எழுதிய பிறகு நிஜமாகவே இருக்கின்றனவா என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தோம். ஒன்று இருந்த மாதிரிதான் தெரிந்தது.

அரண்மனைக்கும் சங்கடம். குதிரைகளுக்குச் சத்தம் ஆகாது. உப்பளமோ கழிவுநீர்த் துறை அமைச்சர் செண்பகமூர்த்தியின் மைத்துனர் மாளிகைகள் கட்ட வாங்கிப்போட்ட இடம். இந்தக் குழப்பத்துக்கு அமைச்சரே வழி கண்டார். மக்களாட்சியின் மாண்பைக் காக்கும் முதல் ஆணை வெளியானது: எல்லாத் தெருவினரும் குறித்த நாளில் அரண்மனைக்கு நேரில் வந்து ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம். எந்தத் தெரு ஆட்சேபிக்கவில்லையோ, அங்கே குழி வெட்டப்படும்.

குறித்த நாளில் மழை கொட்டியது. நாங்கள் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிப் புறப்பட்டோம். அரண்மனைச் சாலை முழுக்க எங்கள் வண்டிகள்தான். நாடே விழித்துக்கொண்டுவிட்டது என்று நீதிபதி கண் கலங்கினார்.

அரண்மனை மண்டபத்தில் அமைச்சர் தெருத்தெருவாகப் பெயர் சொல்லி அழைத்தார். ஒவ்வொரு தெருவும் எழுந்து ஆட்சேபித்தது.

"பள்ளத்தெரு!" என்றார். பதில் இல்லை. "பள்ளத்தெரு பெருமக்களே!" மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "ஆட்சேபணை இல்லை. எவ்வளவு பெருந்தன்மையான மக்கள்!"

நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம்.

வாகீசுவரி மட்டும் கையைத் தூக்கினார். "அமைச்சரே, அவங்க ஒத்துக்கல. அவங்க வரவே இல்ல. தெரு தண்ணிக்குள்ள கிடக்கு."

"அம்மா, ஏற்கெனவே தண்ணீருக்குள் இருப்பவர்களுக்குக் குழி என்ன புதிதா?" என்றார் அமைச்சர். அதற்கும் கை தட்டியதாகத்தான் நினைவு.

சில நாள் கழித்து மரகதம் வண்டியோடு வந்தாள். அவளோடு வீராசாமி வரவில்லை. கரியை ஊதிக் கனலாக்கிவிட்டு, தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி பரிவோடு கேட்டார்: "ஏம்மா, ஒரு எட்டு வந்து வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே? உங்க தெருவுலேர்ந்து ஒருத்தர்கூட வரலையே."

"வந்துக்கிட்டுதாங்க இருந்தேன். மண்டபத்துக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு. அந்தத் தண்ணியில நின்னு நின்னு அவருக்கு வாந்திபேதி. இதே வண்டியில படுக்கவெச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன்." இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அரண்மன ரோட்டுல உங்க வண்டிங்க நின்னுது. வழி விடுங்க, வழி விடுங்கன்னு கத்துனேன். மழையில கேக்கல போல. ஆஸ்பத்திரி வாசல்ல போயிட்டாரு."

எங்களுக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. அந்த வாரச் சங்கக் கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம். பிறகு போண்டா வந்தது.

இரண்டாவது ஆணையின்படி மூன்று குழிகளும் பள்ளத்தெருவுக்கே ஒதுக்கப்பட்டன. மன்னரின் தூக்கம் கெடும் என்பதால் அரண்மனைக்கு அடியில் சுரங்கம் போகாது. அஸ்திவாரம் விரிசல் விடும் என்று நாங்கள் அஞ்சியதால் மேட்டுத்தெருவுக்கு அடியிலும் போகாது. உப்பளத்தின் பக்கமே போகாது. ஆகவே அது பள்ளத்தெருவில் தொடங்கி, பள்ளத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பள்ளத்தெருவிலேயே முடியும்.

வாகீசுவரி மன்னரை நேரில் பார்த்தார். "மன்னா, இப்படிக் கட்டினா சுரங்கத்துக்குள்ள கழிவுநீர் எங்கேயிருந்து வரும்? வந்தாலும் எங்கே போகும்?"

பரிமளவர்மர் பொறுமையாக விளக்கினார். "கழிவுநீர் இப்போது எங்கே நிற்கிறது?"

"பள்ளத்தெருவுல."

"சுரங்கம் எங்கே?"

"பள்ளத்தெருவுல."

"பிறகென்ன அம்மா?"

வாகீசுவரி அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகளைப் பராமரிக்கும் பணிக்கு மாற்றப்பட்டார்.

தோண்டத் தொடங்கினார்கள். மண் மலையாகக் குவிந்தது. அதை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமானால் லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் வர வேண்டும். ஆட்சேபித்தோம். உடனே மூன்றாவது ஆணை வந்தது: எங்கே தோண்டிய மண்ணோ அங்கேயே கொட்டப்படும்.

பள்ளத்தெருவில் முதலில் வாசற்படிகள் மறைந்தன. பிறகு ஜன்னல்கள் மறைந்தன. ஜனங்கள் கூரையைப் பிரித்தெடுத்து, கொட்டிய மண்ணின்மேல் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். மீண்டும் மண் விழுந்தது. மீண்டும் பிரித்து, மேலே ஏறினார்கள். சட்டி பானையும் கைக்குழந்தையுமாக அவர்கள் ஏறிக்கொண்டே இருந்ததை நாங்கள் மாடியிலிருந்து பார்த்து, "பாவம், எவ்வளவு உழைப்பாளிகள்!" என்று பேசிக்கொண்டோம்.

மரகதத்தின் வண்டியில் ஒரு மாற்றம் வந்தது. முன்பு மூச்சிரைக்க மேடேற்றித் தள்ளி வந்தவள், பிறகு சமதரையில் தள்ளி வந்தாள். கடைசியில், வண்டி உருண்டு ஓடிவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இறங்கி வந்தாள். அவள் இப்போதெல்லாம் சீக்கிரம் வந்துவிடுகிறாள் என்பதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அறிவாளிகள் சாய்வைப் பார்ப்பதில்லை.

சுரங்கம் திறக்கப்பட்டது. மன்னர் பட்டுச் செருப்போடு உள்ளே ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. உலகிலேயே தூய்மையான கழிவுநீர்ச் சுரங்கம் இதுதான் என்று அமைச்சர் பேசினார். அதற்கு ஒரு விருதும் கிடைத்தது. வழங்கியது அமைச்சரின் துறை.

அடுத்த மழையில் சாக்கடை எங்கள் வீட்டுக்கு வந்தது.

கூடத்துக்குள் வந்தது. பூஜையறைக்குள் வந்தது. நீதிபதி சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்று, "யாருடைய அனுமதியின் பேரில்?" என்று அதைப் பார்த்துக் கேட்டார். பள்ளத்தெரு இருந்த இடத்தில் இப்போது குன்று இருந்தது. ஊரில் மிகத் தாழ்ந்த இடம் நாங்கள்தான்.

குன்றின் விளிம்பில் மரகதம் தெரிந்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம். நாங்களாக இருந்தால் சிரித்திருப்போம்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கத்தினாள். "புள்ளைங்கள தூக்கிக்கிட்டு மேல வாங்க. அந்தத் தண்ணியில நிக்காதீங்க! நிக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

போனோம். தகரக் கொட்டகைகளில் எங்களுக்கு இடம் விட்டு அவர்கள் வெளியே படுத்தார்கள். அவர்கள் கஞ்சியைக் குடித்தோம். உப்பு சற்றுக் கூடுதல் என்பதைப் பெருந்தன்மையோடு சொல்லாமல் விட்டோம். குன்றின்மேல் காற்று பிரமாதமாக வீசியது.

எங்களைப் பார்வையிட வந்த மன்னரும் அந்தக் காற்றைக் கவனித்தார். கண்ணை மூடி ஒருமுறை முகர்ந்தார். நான்காவது ஆணை அங்கேயே பிறந்தது: புதிய அரண்மனை இந்தக் குன்றில் எழும். குன்றை ஆக்கிரமித்திருப்பவர்கள் மேட்டுத்தெருப் பூங்காவுக்கு இடம் மாற்றப்படுவார்கள்.

காவலர்கள் பூங்காவின் பூட்டை உடைத்தார்கள். மரகதமும் அவள் தெருவும் எங்களுக்கு நடுவே குடிவந்தார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே தண்ணீர். சங்கம் அதைச் சமத்துவம் என்று வர்ணித்துத் தீர்மானம் போட்டது.

அடுத்த மழைக்காலத்தில், புது அரண்மனையின் மாடம்வரை நாற்றம் ஏறியது. மன்னர் வாகீசுவரியை நீரூற்றிலிருந்து வரவழைத்தார். மீண்டும் ஒரு நேர்க்கோடு வரைந்துகொண்டு அவர் எங்கள் சங்க மண்டபத்துக்கு வந்தார். எல்லோரும் நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். தரையில் கணுக்கால் அளவு நின்றது.

"இந்தத் தடவை ஒரே குழி போதும்" என்றார். "பூங்கா ஓரத்துல. சரின்னு சொன்னா நாளைக்கே தோண்டுறோம். ஆனா ஆணை மாறல. ஆட்சேபிக்கிற தெருவுல தோண்ட முடியாது."

பின்வரிசையில் மரகதம் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தாள். "எங்கூட்டு வாசல்ல தோண்டுங்க. தூசி வரட்டும், சத்தம் வரட்டும். நான் குடிசையக்கூடத் தள்ளிப் போட்டுக்கறேன்."

வாகீசுவரி முதல்முறையாகச் சிரித்தார். எழுதுகோலைத் திறந்தார்.

நீதிபதி எங்கள் பக்கம் சாய்ந்தார். "அவ வாசல்னா எது? நம்ம பூங்காதானே? நாளைக்கு இவங்க காலி பண்ணினா அது நமக்குத்தானே வரணும்? குழி விழுந்த பூங்காவை வெச்சுக்கிட்டு என்ன செய்றது?"

நியாயமான கேள்வி. மேட்டுத்தெரு ஒரே ஆளாக எழுந்து நின்று ஆட்சேபித்தது. மரகதம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாகீசுவரி எழுதுகோலை மூடினார். மக்கள் விருப்பத்துக்குத் தலைவணங்கிச் சுரங்கம் கைவிடப்படுவதாக, கூட்டத்துக்கு வந்திருந்த அமைச்சர் அறிவித்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். படியில் விட்டிருந்த எங்கள் செருப்புகள் மிதந்து போய்விட்டிருந்தன. வேட்டியை மடித்துத் தொடைக்குமேல் கட்டிக்கொண்டு, பூங்கா வாழ்க என்று முழங்கியபடி, நாங்கள் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.